ராபர்ட் புன்சன்

ராபர்ட் வில்லெம் எபர்ஹார்ட் புன்சன் (மார்ச் 30, 1811 – ஆகஸ்ட் 16, 1899) செருமனியைச் சேர்ந்த வேதியியலாளர் ஆவார். பள்ளி ஆய்வுக்கூடங்களில் பயன்படும் புன்சன் சுடரடுப்பு இவர் பெயரால் வழங்குகிறது. சீசியம், ருபீடியம் ஆகிய தனிமங்களைக் குஸ்தாவ் கிர்க்காஃப் என்னும் இயற்பியலாளருடன் சேர்ந்து கண்டறிந்தார். மின்கலத்தில் விலையுயர்ந்த பிளாட்டினத் தகட்டுக்குப் பதிலாகக் கரியாலான மின்வாயைப் பயன்படுத்தி, அதனைச் செய்யும் முறையையும் வகுத்தவர் இவரே. சுடரடுப்பின் புகழில் இந்த மூன்றாவது பணி பெரும்பாலும் மறைந்துவிட்டது. உலோகம் கலவாத கரிம மின்வாய்களைப் பற்றிய இன்றைய ஆய்வுகளை அறிய விரும்புவோர் இப்பணியிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

இளமையும் கல்வியும்

புன்சன் செருமனியின் கோட்டிங்கன் நகரில் பிறந்தார். நான்கு ஆண்மக்களுள் இவரே இளையவர். தந்தை கிறிஸ்டியன் புன்சன் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் நூலகராகவும் மொழியியல் பேராசிரியராகவும் பணியாற்றினார். பிறந்த நாள் மார்ச் 31 எனப் பல நூல்களில் காணப்படுகிறது. ஆனால் தேவாலயப் பதிவேடும் புன்சன் தம் கையால் எழுதிய தன்விவரக் குறிப்பும் மார்ச் 30 என்றே குறிப்பிடுகின்றன.

ஹோல்ட்ஸ்மின்டனில் பள்ளிக் கல்வியை முடித்து 1828இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். காட்மியத்தைக் கண்டறிந்த பிரீட்ரிக் ஸ்ட்ரோமயரிடம் வேதியியலும், ஹவுஸ்மனிடம் கனிமவியலும், புகழ்பெற்ற கௌசிடம் கணிதமும் பயின்றார். முனைவர் பட்டம் பெற்றபின் 1832, 1833ஆம் ஆண்டுகளில் செருமனி, ஆஸ்திரியா, பிரான்சு நாடுகளில் பயணம் செய்தார். அப்பயணத்தில் ஆய்வுக்கூடங்களைப் போலவே தொழிற்சாலைகளையும் சுரங்கங்களையும் பார்வையிட்டார். பிற்காலத்தில் இவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள்கள் பலவும் உலைக்களத்திலிருந்தோ எரிமலையிலிருந்தோ வந்தன என்பதை நோக்க, இப்பயணம் இவருக்குப் பல்கலைக்கழகக் கல்வியளவுக்குப் பயன்பட்டதெனலாம்.

ஆர்சனிக் ஆய்வும் கண்ணிழப்பும்

1833இல் கோட்டிங்கனில் விரிவுரையாளரான புன்சன், ஆர்சனிக் சேர்மங்களின் கரைதிறனை ஆராய்ந்தார். புதிதாக வீழ்படிவாக்கிய நீரேறிய இரும்பு ஆக்சைடு ஆர்சனிக் நஞ்சைக் கரையாத சேர்மமாக மாற்றிப் பிடித்துக்கொள்ளும் என்று கண்டு, அதனை நச்சுமுறி மருந்தாக 1834இல் பெர்ட்ஹோல்டு என்னும் மருத்துவருடன் இணைந்து அறிவித்தார்.

1836இல் ஃபிரீட்ரிக் வோலருக்கு அடுத்தபடியாகக் காசெல் நகரத் தொழிற்கல்விப் பள்ளியில் பொறுப்பேற்றார். அங்குதான் கக்கோடைல் சேர்மங்களைப் பற்றிய ஆய்வு தொடங்கியது. ஆர்சனிக் டிரைஆக்சைடையும் பொட்டாசியம் அசிட்டேட்டையும் சேர்த்துக் காய்ச்சினால் கிடைக்கும் புகையும் நீர்மம் 18ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. அது தாங்கவியலாத நாற்றமுடையது, காற்றுப் பட்டதும் தீப்பற்றக்கூடியது, கடும் நஞ்சு. எனவே வேதியியலாளர் பெரும்பாலோர் அதனை நெருங்கவில்லை. கக்கோடைல் என்ற பெயரே தீய நாற்றம் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. புன்சன் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் இப்பொருளோடு உழைத்து, அதிலிருந்து பெறப்படும் சேர்மங்கள் எல்லாவற்றிலும் ஓர் அணுத்தொகுதி மாறாமல் இடம்பெயர்கிறது என்று காட்டினார். கரிமச் சேர்மங்களில் தனிமம்போல் இயங்கும் உறுப்புகள் உண்டு என்ற அக்காலக் கொள்கைக்கு இது வலுவான சான்றாயிற்று.

இதற்கு இவர் கொடுத்த விலை பெரிது. கக்கோடைல் சயனைடு வெடித்ததில் வலக்கண் பார்வையை இழந்தார். ஆர்சனிக் நஞ்சேறிப் பல நாட்கள் சாவின் விளிம்பில் கிடந்தார். ஆர்சனிக்குக்கு முறிமருந்து கண்டவரே அதனால் இவ்வாறு வீழ்ந்தார். உடல் தேறியபின் எடுத்த ஆய்வை முடித்தே விட்டார். ஆனால் அதன்பின் கரிம வேதியியல் பக்கம் மீண்டும் திரும்பவில்லை. பிற்காலத்தில் பல்லாயிரம் நிறமாலைக் கோடுகளை இவர் அளந்ததெல்லாம் ஒரு கண்ணால்தான்.

கரி மின்கலம்

1839இல் மார்பர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற புன்சனுக்கு வலிமையான, நீடித்து ஓடக்கூடிய மின்னோட்டம் தேவைப்பட்டது. மின்னாக்கிப் பொறிகள் வழக்கத்திற்கு வராத அக்காலத்தில் மின்கல அடுக்கே ஒரே மூலம். அவற்றுள் சிறந்தது வில்லியம் குரோவ் 1839இல் அமைத்த கலம். அதில் நீர்த்த கந்தக அமிலத்தில் துத்தநாகமும், நுண்துளையுள்ள மண்கலம் ஒன்றால் பிரிக்கப்பட்ட செறிந்த நைட்ரிக் அமிலத்தில் பிளாட்டினத் தகடும் இருந்தன. துத்தநாகம் கரைந்து எலக்ட்ரான்களை வெளிவிடும். அவை கம்பி வழியே சென்று பிளாட்டினத்தை அடைந்து அங்கே நைட்ரிக் அமிலத்தை ஒடுக்கும். ஒரு கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 1.9 வோல்ட்டு.

இக்கலத்தின் குறை பிளாட்டினத்தின் விலை. இரண்டு மூன்று கலங்களுக்கு அது பொருட்டல்ல. நாற்பது ஐம்பது கலங்களை அடுக்க வேண்டுமானால் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையால் இயலாத செலவு.

செறிந்த நைட்ரிக் அமிலத்தில் கரையாமல் நின்று, மின்சாரத்தையும் கடத்தக்கூடிய பொருள்கள் மிகச் சில. பொன், பிளாட்டினம், கரி என்று பட்டியல் விரைவில் முடிந்துவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பது புதிய செய்தியன்று. ஹம்பிரி டேவி அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இரு கரித்துண்டுகளுக்கு இடையே மின்வில்லை உண்டாக்கிக் காட்டியிருந்தார். இடர்ப்பாடு வேறு இடத்தில் இருந்தது. மரக்கரி மென்மையானது, அமிலத்தை உறிஞ்சி உதிர்ந்துவிடும், அதன் மின்தடையும் அதிகம். நிலக்கரி வாயு ஆலைகளின் கொதிகலன் சுவர்களில் படியும் கரி கடினமானது, நன்கு கடத்தும். ஆனால் அதை வேண்டிய வடிவில் அறுத்தெடுப்பது மிகக் கடினம்.

புன்சன் 1841இல் இதற்குத் தீர்வு கண்டார். கற்கரித் தூளையும் (நிலக்கரியைக் காற்றின்றிச் சுட்டால் எஞ்சுவது) இளகி ஒட்டும் இயல்புடைய நிலக்கரித் தூளையும் கலந்து இரும்பு அச்சில் இட்டுச் சுட்டார். சூடேறும்போது நிலக்கரி இளகிக் கற்கரித் துகள்களைப் பிணைக்கும். அதே வேளையில் அது வெளிவிடும் வாயுக்கள் உட்புறத்தை எங்கும் துளைத்துவிடும். இவ்வாறு கிடைத்த கட்டி இன்னும் உறுதியற்றதே. அதனைக் கெட்டியான சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, உலர்த்தி, மூடிய கலத்தில் வெண்சூடு வரை மீண்டும் சுட்டார். துளைகளில் புகுந்த சர்க்கரை அங்கேயே கரியாகி அவற்றை அடைத்தது. விளைந்த பொருள் கல்போல் கடினமாகவும் உலோகம்போல் ஒலிப்பதாகவும் இருந்தது. மின்சாரத்தை நன்கு கடத்தியது. இன்று எஃகு உலைகளுக்கும் அலுமினிய ஆலைகளுக்கும் செய்யப்படும் பெரிய கரி மின்வாய்களும் கற்கரித் தூளைப் பிணைப்பான் ஒன்றுடன் குழைத்துச் சுட்டே செய்யப்படுகின்றன. சர்க்கரைக்குப் பதில் கீல் என்பதே முதன்மையான வேறுபாடு.

இம்மாற்றத்தால் கலத்தின் மின்னழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை, விலையோ மிகவும் குறைந்தது. 44 கலங்களைக் கொண்ட ஓர் அடுக்கினால் புன்சன் ஏற்படுத்திய மின்வில் 1100 மெழுகுத்திரிகளுக்கு மேற்பட்ட ஒளி தந்தது. அதற்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு துத்தநாகம் செலவாயிற்று. இந்த ஒளியை அளக்கத்தான் 1844இல் எண்ணெய்ப்பொட்டு ஒளிமானியை அமைத்தார். காகிதத்தின் நடுவே ஓர் எண்ணெய்ப் பொட்டு. இருபுறமும் ஒளி சமமாகப் படும்போது பொட்டு கண்ணுக்குத் தெரியாமல் மறையும். அதே ஆண்டு பாரிசு நகரின் கொன்கோர்ட் சதுக்கத்தில் நடந்த மின்விளக்குச் செய்முறைக் காட்சிக்கும் புன்சன் கலங்களே மின்சாரம் தந்தன.

புன்சன் கலத்துக்கும் குறைகள் இருந்தன. நைட்ரிக் அமிலம் ஒடுங்கும்போது செம்பழுப்பு நிறமான நைட்ரசன் டைஆக்சைடு வாயு எழும். அது நுரையீரலுக்குக் கேடு தருவது. எனவே கல அடுக்கைச் சாளரத்துக்கு வெளியிலோ புகைபோக்கியின் அடியிலோ வைக்க வேண்டியிருந்தது. இருப்பினும் மின்னாக்கிகள் பரவும் வரையில் ஆய்வுக்கூடங்களிலும் மின்முலாம் பூசும் பட்டறைகளிலும் இக்கலம் பெருவழக்காக இருந்தது.

மின்னாற்பகுப்பு

மலிவான மின்சாரம் கைவந்ததும் புன்சன் அதனை உருகிய உப்புகளின் மீது செலுத்தினார். 1852இல் உருகிய மக்னீசியம் குளோரைடிலிருந்து மக்னீசியத்தைப் பிரித்தெடுத்த முறை இவரது கைத்திறனுக்கு நல்ல எடுத்துக்காட்டு. மக்னீசியம் உருகிய உப்பைவிட எடை குறைந்தது. உண்டானவுடன் மேலே மிதந்து காற்றுப் பட்டு எரிந்துவிடும். இதைத் தடுக்கக் கரி மின்வாயில் இரம்பப் பல்போன்ற வெட்டுகளைச் செய்தார். உலோகத் துளிகள் அவ்வெட்டுகளுக்குள்ளேயே சிக்கி நின்றன. குரோமியம், மாங்கனீசு, அலுமினியம் ஆகியவற்றையும் மின்னாற்பகுப்பால் பெற்றார். 1855இல் மாத்தீசன் என்பவருடன் சேர்ந்து லித்தியம் உலோகத்தை ஆய்வுக்குப் போதுமான அளவில் முதன்முதலாக எடுத்தார். மக்னீசியக் கம்பி எரியும்போது தோன்றும் கண்கூசும் வெள்ளொளியை இவரும் ஹென்றி ரோஸ்கோவும் அளந்தனர். ஒளிப்படக் கலையில் அவ்வொளி பின்னர் இடம்பெற்றது.

உலைகள், எரிமலைகள்

புன்சன் 1838 முதல் இரும்பு உருக்கும் ஊதுலைகளின் வாயுக்களைப் பகுத்தாய்ந்தார். செருமனியின் மரக்கரி உலைகளில் எரிபொருளின் வெப்பத்தில் பாதிக்கு மேல் உலை வாயிலிலேயே வீணாவதையும், 1845இல் லயன் பிளேஃபேருடன் ஆராய்ந்த இங்கிலாந்தின் உலைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு வீணாவதையும் காட்டி, வெளியேறும் வாயுவை மீண்டும் எரிபொருளாக்க வழி கூறினார். இம்முறைகளைத் தொகுத்து 1857இல் வெளியிட்ட வாயுப் பகுப்பாய்வு நூல் ஒன்றே இவர் எழுதிய பெருநூல்.

1846இல், எக்லா எரிமலை வெடித்த மறு ஆண்டில், ஐசுலாந்துக்குச் சென்றார். வெந்நீர் ஊற்றுக் குழாயின் வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலையை அளந்து, மேலுள்ள நீரின் அழுத்தத்தால் ஆழத்து நீரின் கொதிநிலை உயர்ந்திருப்பதும், அழுத்தம் சற்றே தளர்ந்ததும் அது ஒருசேரக் கொதித்துப் பீறிடுவதுமே ஊற்றின் இயக்கம் என விளக்கினார்.

ஹைடல்பர்க்

பிரெஸ்லவ் நகரில் (இன்று போலந்தின் விராத்சுவாஃப்) சிறிது காலம் பணியாற்றியபோது கிர்க்காஃபின் நட்பு கிடைத்தது. 1852இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் லியோபோல்டு குமெலினின் இடத்துக்கு அழைக்கப்பட்டார். 1854இல் கிர்க்காஃபும் அங்கு வந்து சேர்ந்தார். ஓய்வு பெறும் வரை புன்சன் வேறெங்கும் செல்லவில்லை.

1855இல் கட்டப்பட்ட புதிய ஆய்வுக்கூடத்துக்கு நகர எரிவாயு வந்தது. அன்றைய வாயு விளக்குகளின் சுடர் மஞ்சளாகவும் புகை படிவதாகவும் இருந்தது. வாயுவை எரிவதற்கு முன்னரே காற்றுடன் கலந்துவிட்டால் சுடர் நிறமற்றதாகவும் மிகுந்த வெப்பமுடையதாகவும் இருக்கும் என்பது புன்சனின் எண்ணம். அதற்கு உருக்கொடுத்தவர் பல்கலைக்கழகக் கருவியாளர் பீட்டர் தெசாகா. புன்சன் இதற்குக் காப்புரிமை பெறவில்லை; கரி மின்கலத்துக்கும் பெறவில்லை. அறிவியல் கண்டுபிடிப்பால் பொருளீட்டுவது இவருக்கு உடன்பாடானதாக இல்லை. அடுப்பைச் செய்து விற்றது தெசாகாவின் பட்டறையே.

நிறமற்ற இச்சுடரே அடுத்த கண்டுபிடிப்புக்கு வழியமைத்தது. உப்புகள் சுடருக்குத் தரும் நிறங்களைப் புன்சன் வண்ணக் கண்ணாடிகளால் பிரித்தறிய முயன்றபோது, முப்பட்டகத்தைப் பயன்படுத்துமாறு கிர்க்காஃப் கூறினார். 1859இல் இருவரும் நிறமாலைமானியை அமைத்தனர். ஒவ்வொரு தனிமமும் தனக்கேயுரிய கோடுகளைத் தருகிறது என்பது நிலைநாட்டப்பட்டது. 1860இல் துர்க்ஹைம் ஊற்றுநீரில் முன்னர் அறியாத நீலக் கோடுகள் தெரிந்தன. அத்தனிமத்தின் உப்பைச் சில கிராம் அளவில் பெற 40,000 லிட்டருக்கும் மேற்பட்ட நீரைக் காய்ச்ச வேண்டியிருந்தது. விண்ணின் நீலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்குச் சீசியம் என்று பெயரிட்டனர். 1861இல் லெபிடோலைட்டு என்னும் கனிமத்திலிருந்து செந்நிறக் கோடுகளைத் தரும் ருபீடியம் கிடைத்தது. கதிரவனில் உள்ள தனிமங்களைப் புவியிலிருந்தே அறிய முடியும் என்ற நிலை இதனால் ஏற்பட்டது.

1874இல் அருமண் தனிமங்களின் நிறமாலை பற்றிய இவரது கையெழுத்துப்படி முடியும் தறுவாயில் தீக்கிரையாயிற்று. அறுபத்து மூன்று வயதில் அளவீடுகளை முதலிலிருந்து மீண்டும் செய்து மறு ஆண்டில் வெளியிட்டார்.

ஆசிரியராக

ரோஸ்கோ, அடோல்ஃப் பான் பேயர், லோதர் மேயர், ஜான் டின்டல், எட்வர்ட் ஃபிராங்க்லாண்டு, ஃபிரிட்ஸ் ஹேபர், காமர்லிங் ஓனசு ஆகியோர் வெவ்வேறு காலங்களில் இவரிடம் பயின்றனர். மாணவர்களின் மேசையருகே நின்று கருவிகளைத் தம் கையாலேயே செய்து காட்டுவது இவர் வழக்கம். கண்ணாடி ஊதுவதில் வல்லவர். கொள்கை விவாதங்களில் இவருக்கு ஆர்வமில்லை. தனிமங்களின் அட்டவணையை வகுத்த மேயர் இவர் மாணவர். மெண்டலீவும் ஹைடல்பர்க்கில் ஆய்வு செய்தவர். அப்படியிருந்தும் புன்சனின் விரிவுரைகளில் அவ்வட்டவணை இடம்பெறவில்லை. இதனை இவரது குறையாகவே கொள்ள வேண்டும்.

புன்சன் மணம் புரியவில்லை. 1860இல் அரச கழகத்தின் கோப்ளி பதக்கத்தையும், 1877இல் கிர்க்காஃபுடன் முதலாவது டேவி பதக்கத்தையும் பெற்றார். 1889இல் தம் 78ஆம் வயதில் ஓய்வு பெற்று, இளமை முதல் விரும்பிய நிலவியலில் காலத்தைக் கழித்தார். 1899 ஆகஸ்ட் 16 அன்று ஹைடல்பர்க்கில் காலமானார். அந்நகரில் 1908இல் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது.

கரி மின்வாயின் பிற்காலம்

1866இல் லெக்லாஞ்சே அமைத்த கலத்திலும், அதிலிருந்து பிறந்த உலர்கலத்திலும் கரித்தண்டே நேர்மின்முனை. டார்ச் விளக்கின் தீர்ந்துபோன பேட்டரிக் கட்டையை உடைத்தால் நடுவில் கிடைக்கும் கருந்தண்டு அதுவே.

ஆனால் குரோவ் அமைத்த மற்றொரு கருவியில் பிளாட்டினத்தை இவ்வளவு எளிதாக அகற்ற முடியவில்லை. ஐதரசனும் ஆக்சிசனும் இணைந்து மின்சாரம் தரும் அந்த வாயுக்கலமே இன்றைய எரிபொருள் கலத்தின் முன்னோடி. நைட்ரிக் அமிலம் கரியின் மேல் எளிதில் ஒடுங்கும். அங்கே மின்வாய் எலக்ட்ரான்களை ஏந்திச் சென்றாலே போதும். ஆக்சிசன் மூலக்கூற்றின் பிணைப்போ வலுவானது. அது ஒடுங்க வினையூக்கி வேண்டும். வெறும் கரிக்கு அத்திறன் குறைவு.

கரி அணுக்கள் ஒற்றையடுக்காக அமைந்த கிராபீனை 2004இல் ஆந்தரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவசெலோவும் மான்செஸ்டரில் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். இதற்காக 2010இல் நோபல் பரிசு பெற்றனர். 2009இல் லிமிங் டாயின் ஆய்வுக்குழு, கரி நுண்குழாய்களில் சில கரி அணுக்களுக்குப் பதில் நைட்ரசன் அணுக்களைப் புகுத்தினால் காரக் கரைசலில் ஆக்சிசனை ஒடுக்குவதில் அவை பிளாட்டினத்தை விஞ்சக்கூடும் என்று காட்டியது. மறு ஆண்டில் நைட்ரசன் கலந்த கிராபீனிலும் இது காட்டப்பட்டது. நைட்ரசன் எலக்ட்ரான்களைத் தன்பால் இழுப்பதால் அருகிலுள்ள கரி அணுக்கள் சற்று நேர்மின்னூட்டம் பெறுகின்றன. ஆக்சிசன் அங்கே பற்றிக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பேரளவில் இப்பொருளைச் செய்யக் கிராபைட்டை முதலில் கிராபைட்டு ஆக்சைடாக்கி, அடுக்குகளைப் பிரித்து, அம்மோனியா போன்ற நைட்ரசன் சேர்மத்துடன் சூடாக்குவது வழக்கமான முறைகளுள் ஒன்று. கிராபைட்டு ஆக்சைடை பெஞ்சமின் பிராடி 1859இல், நிறமாலைமானி உருவான அதே ஆண்டில், முதன்முதலாகச் செய்தார்.

உலோகமற்றது என்ற அடைமொழி கேள்விக்குட்படாமல் இல்லை. இப்போது பெரிதும் வழங்கும் ஹம்மர்சு முறையில் பொட்டாசியம் பர்மாங்கனேட்டு பயன்படுகிறது. அதிலிருந்து எஞ்சும் மிகச் சிறிதளவு மாங்கனீசே வினையை ஊக்குவிக்கிறதோ என்ற ஐயம் பின்வந்த ஆய்வுகளில் எழுப்பப்பட்டது. இத்தகைய உலோக மாசுகளைக் கண்டறியக் கையாளப்படும் முறைகளுள் ஒன்று அணு உமிழ் நிறமாலையியல். அது புன்சனும் கிர்க்காஃபும் தொடங்கிவைத்த முறையின் வழித்தோன்றல். அமில ஊடகத்தில் இயங்கும் எரிபொருள் கலங்களில் நைட்ரசன் கலந்த கிராபீனின் திறனும் நீடிப்பும் குறைவாகவே உள்ளன. எனவே வண்டிகளுக்கான கலங்களில் கரித்தூளின் மேல் தூவப்பட்ட பிளாட்டின நுண்துகள்களே வழக்கில் உள்ளன.